புதிய மருத்துவர் பேசக் கற்க மூன்று வழிகள்: எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

படிப்பை முடித்து வார்டுக்குள் நுழையும் மருத்துவருக்கு முதல் சில மாதங்களில் தூக்கமும் சாப்பாடும் போக மிஞ்சும் நேரம் மிகவும் குறைவு. அந்த நேரத்தில் ஊசி போடவும் குழாய் செருகவும் இசிஜி படிக்கவும் பழகிக்கொள்வதா, நோயாளியிடமும் செவிலியரிடமும் பேசும் முறையைப் பழகிக்கொள்வதா என்று கேட்டால் பெரும்பாலோர் கைவேலையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேச்சு போகப் போகத் தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தானாக வருவது வேகம் மட்டுமே என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பேச்சுப் பயிற்சி தேவை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவர், தன் முன்னே இருக்கும் மூன்று வழிகளில் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மூத்த மருத்துவர்கள் பேசுவதைக் கூடவே நின்று பார்த்துப் பழகுவது முதல் வழி. இன்னின்ன செய்தியை இன்னின்ன வரிசையில் சொல்ல வேண்டும் என்று வகுத்துவைத்திருக்கும் சட்டகங்களை மனத்தில் பதித்துக்கொண்டு பயன்படுத்துவது இரண்டாவது. நாம் பேசும்போது வேறொருவரை அருகில் இருந்து கவனிக்கச் சொல்லி, அவர் சுட்டிக்காட்டும் குறைகளைத் திருத்திக்கொள்வது மூன்றாவது. எதிரில் இருப்பவர் உண்மையான நோயாளியாகவும் இருக்கலாம், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவராகவும் இருக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. ஆயினும் நேரம் குறைவாக இருக்கும்போது ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தே ஆக வேண்டியிருக்கிறது.

முதல் வழிக்குத் தனி நேரம் தேவையில்லை. ரவுண்ட்ஸில் எப்படியும் நிற்கத்தான் போகிறோம். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத சொற்கள் அங்கே கிடைக்கும். வலியைப் பற்றிக் கேட்கும்போது "எப்படி வலிக்கிறது?" என்று மட்டும் கேட்டால் பலர் "ரொம்ப வலிக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் மூத்தவர் ஒருவர் "குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, கடுக்கிறதா?" என்று அடுக்கிக் கேட்பார், நோயாளி சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மேலே சொல்லத் தொடங்குவார். நம் மொழி வலிக்கு இத்தனை வினைச்சொற்களை வைத்திருப்பதை அவர் அருகில் நின்றுதான் நான் கவனித்தேன். இத்தகைய பேற்றைச் சட்டகம் எதுவும் தராது.

இந்த வழியின் குறை என்னவென்றால், நல்லதும் கெட்டதும் ஒரே பொட்டலமாக வந்து சேர்கின்றன. 1984இல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவ உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். 1999இல் குடும்ப மருத்துவர்களிடம் இதேபோல ஆராய்ந்தபோதும் அது 23 விநாடிகள்தான். குறுக்கிடாமல் விட்டால் நோயாளி மணிக்கணக்கில் பேசுவார் என்ற அச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அந்த அச்சம் சரியா என்பதைச் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளிடம் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள்: தடுக்காமல் விட்டபோது சராசரியாக 92 விநாடிகளில் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள், பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார்கள். மூத்தவரை மட்டுமே பார்த்துக் கற்பவர் அந்தக் குறுக்கீட்டையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வார். அது நேரமின்மையால் வந்தது என்று பிறகு தனக்கே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

செய்யப்படாத ஒன்றைப் பார்த்துக் கற்க முடியாது என்பது இன்னொரு குறை. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் கேட் கிரேஞ்சர் 2013இல் தாமே புற்றுநோயாளியாக மருத்துவமனையில் இருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டு வருந்தி, "வணக்கம், என் பெயர்..." என்று தொடங்கும்படி எல்லா மருத்துவப் பணியாளர்களையும் வேண்டிக்கொண்ட இயக்கத்தைத் தொடங்கினார். மூத்தவர் பெயர் சொல்லாத வார்டில் இளையவருக்கும் அது தோன்றுவதில்லை, ஆண்டுகள் ஓடிவிடும்.

இரண்டாவது வழியை உடன் பணிபுரிவோரிடம் ஒரு விதமாகவும் நோயாளியிடம் வேறு விதமாகவும் எடைபோட வேண்டும் என்பது என் முடிவு. இந்தக் கட்டுரையை எழுத அமர்ந்ததே இதைச் சொல்வதற்குத்தான்.

நள்ளிரவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் மூத்தவரைத் தொலைபேசியில் எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சார், ஏழாம் படுக்கை நோயாளி கொஞ்சம் சரியில்லை. நேற்று முன்தினம் ஆபரேஷன் ஆனவர். சாயங்காலத்திலிருந்தே சோர்வாக இருக்கிறார். ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது. பிரஷர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது சார்." பாதித் தூக்கத்தில் இருப்பவர் "சரி, சலைன் ஏற்றுங்கள், காலையில் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அவர்மீது மட்டும் குறைகாண முடியாது. அதே செய்தியை இப்படியும் சொல்லலாம்: "சார், ஏழாம் படுக்கை நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் 120லிருந்து 86க்கு இறங்கிவிட்டது, நாடி 124. குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். வயிறு இறுக்கமாக இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வர வேண்டும். அதற்குள் ரத்தம் ஏற்பாடு செய்யத் தொடங்கட்டுமா?" எஸ்-பார் என்ற நான்கு அங்கச் சட்டகம் கேட்பது இந்த வரிசையைத்தான்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிவந்த இம்முறையை கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு மருத்துவமனைப் பணிக்கு ஏற்றதாக மாற்றியது.

இரண்டு அழைப்புகளையும் மறுபடி வாசித்துப் பார்த்தால், முதல் அழைப்பில் விடுபட்டுப்போனவை கடைசி இரண்டு அங்கங்கள் என்பது தெரியும். மூத்தவரிடம் நம் கணிப்பைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுமோ, "வர வேண்டும்" என்பது கட்டளைபோல ஒலிக்குமோ என்ற கூச்சம் நம் பேச்சு வழக்கிலேயே ஊறியிருக்கிறது. "பார்த்தால் நல்லது" என்ற பணிவான தொடர் அந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான். அத்தொடர் இக்கட்டான நேரத்தில் அவசரத்தை மறைத்துவிடுகிறது. சட்டகம் வைத்திருப்பவருக்குத் தைரியம் தனியாகத் தேவைப்படுவதில்லை. நான்காம் அங்கத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்பது முறையாகிவிட்டதால், அதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இரு பக்கத்திலும் எழுவதில்லை. இதே காரணத்துக்காக, செவிலியர் நம்மை அழைக்கும்போது அவர் கணிப்பை நாமே கேட்டு வாங்க வேண்டும். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சிஸ்டர்?" என்ற ஒரு கேள்வியால், பல ஆண்டுகளாக வார்டைப் பார்த்துவந்த ஒருவரின் கண் புதியவருக்குக் கிடைத்துவிடுகிறது.

ஒரு பணிமுறையிலிருந்து அடுத்த பணிமுறைக்கு நோயாளிகளை ஒப்படைக்கும்போது சட்டகத்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்படைக்கும் பயிற்சி மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி மிக முக்கியம் என்று கருதிய செய்தி நூற்றுக்கு 60 முறை ஏற்பவரிடம் போய்ச் சேரவே இல்லை. சொன்னவரோ அது சேர்ந்துவிட்டதாகவே நம்பினார். ஐ-பாஸ் என்ற ஒப்படைப்புச் சட்டகத்தை, குழந்தைகள் மருத்துவத்தில் பயிற்சி அளிக்கும் 9 மருத்துவமனைகளில் புகுத்தி, 10,740 உள்நோயாளிச் சேர்க்கைகளில் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்படைக்கும் நேரம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், இரவில் நிலைமை மாறினால் என்ன செய்வது என்பவற்றுக்குப் பிறகு அதில் ஐந்தாவதாக ஓர் அங்கம் உண்டு: ஏற்பவர் தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்த ஐந்தாவதுதான். எல்லாவற்றிலும் இதையே விடக்கூடாது என்பேன்.

ஆகவே பணியாளர்களோடு பேசுவதற்குச் சட்டகமே முதல் தேர்வு. இரண்டு மாலைகளில் கற்றுவிடலாம்; மறுநாளே பயன் தெரியும்; பேசுபவர் எவ்வளவு களைத்திருந்தாலும் வரிசை கைகொடுக்கும்.

நோயாளியிடம் வரும்போது கதை மாறுகிறது. கடினமான செய்தியைச் சொல்வதற்கென்று 2000இல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படிகள் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன: இடத்தை ஒழுங்குசெய்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, அவர் உணர்ச்சிக்கு இடம்கொடுப்பது, அடுத்து செய்ய வேண்டியதைத் திட்டமிடுவது. இரண்டாம் மூன்றாம் படிகள் பொன்போன்றவை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். எதிரில் இருப்பவரின் மனத்தில் என்ன படம் இருக்கிறது என்று கேட்காமல் நாம் சொல்லும் எதுவும் எங்கே போய் ஒட்டும் என்று நமக்குத் தெரியாது. "ரிசல்ட் நெகட்டிவ்" என்று நல்ல செய்தியைச் சொல்லி முடித்தபோது முகம் வாடிப்போன நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். நெகட்டிவ் என்றால் கெட்டது என்பதே அவர் நெடுநாளாக அறிந்திருந்த பொருள்.

ஆனாலும் இந்தப் படிகளை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்காருபவர் நோயாளியைவிட ஒரு படி முன்னால் போய்விடுவார். என் முதல் ஆண்டில் ஒரு தாயிடம் அவருடைய மகனின் கழுத்துக் கட்டியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், கதவைச் சாத்தினேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், செய்தியைச் சொன்னேன். உடனே, அடுத்த படி அதுதான் என்பதால், "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்றேன். அவர் இன்னும் வேதனைக்கே வந்திருக்கவில்லை. "பயாப்சி என்றால் ஆபரேஷனா டாக்டர்? நாளைக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சக மருத்துவரிடம் நான்கு அங்கங்களை ஒப்பித்துவிட்டால் வேலை முடிந்தது, ஏனென்றால் கேட்பவரும் அதே வரிசையில்தான் காது கொடுக்கிறார். நோயாளி எந்த வரிசையிலும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே பேச வேண்டும். பேசிக்கொண்டே பார்ப்பது தனியாகப் பழகி வரும் திறமை இல்லை. அதற்கு இன்னொரு சோடிக் கண்கள் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது வழி முன்னுக்கு வருகிறது. நோயாளியாக நடிக்க ஒருவரைப் பயிற்றுவித்து அவரைக் கொண்டு மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முறையை 1963இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கினார். பிரிட்டனில் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 புற்றுநோய் மருத்துவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் பரிவைச் சொல்லால் காட்டுவது 69 விழுக்காடு கூடியிருந்தது. பதிலைத் தானே திணிக்கும் கேள்விகள் 24 விழுக்காடு குறைந்திருந்தன. அதே ஆய்வில், குறைகளை எழுத்தில் மட்டும் பெற்ற மருத்துவர்களிடம் மாற்றம் ஏற்பட்டதற்குச் சான்று அநேகமாக இல்லை. வந்தவர்கள் அனைவரும் அனுபவம் உள்ள நிபுணர்கள். மூன்று நாளில் திருந்தக்கூடிய பழக்கங்களை அத்தனை ஆண்டு அனுபவம் திருத்தியிருக்கவில்லை என்பது, முதல் வழியை மட்டும் நம்பியிருப்போர் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

இந்த வழியையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். நடிப்பு நோயாளிகளைக் கொண்டு பயிற்சி பெற்ற இளம் மருத்துவர்களையும் செவிலிய நிபுணர்களையும் பற்றி அமெரிக்காவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வில், உண்மையான நோயாளிகள் அவர்களுடைய பேச்சுக்குக் கொடுத்த மதிப்பெண் உயரவில்லை; நோயாளிகளின் மனச்சோர்வு அளவு சிறிதளவு கூடியும் இருந்தது. பயிற்சி அறையில் கற்றது வார்டுக்குத் தானாக நடந்து வந்துவிடுவதில்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அங்கே எதிரில் இருந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்பது இருவருக்கும் தெரியும். தவிர, நடிகரும் பயிற்றுநரும் தனி அறையும் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. வகுப்புத் தோழர்கள் முன்னால் தடுமாறுவதற்குப் பலருக்கு இருக்கும் கூச்சமும் சிறிய செலவல்ல.

ஆகவே நடிப்பு நோயாளி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஓர் உண்மையான உரையாடலை வார்டில் இருக்கும் மூத்த செவிலியரிடம் "கொஞ்சம் நின்று கவனியுங்கள், பிறகு சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வதுதான் நான் கண்ட வழிகளில் மிகச் சிறந்தது. நாம் அறையைவிட்டுப் போன பிறகு நோயாளி சொல்வது அவர் காதில்தான் விழுகிறது. "டாக்டர் ஏதோ சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்பதை நம்மிடம் எவரும் சொல்வதில்லை. முதன்முதலாக நான் அப்படிக் கேட்டுக்கொண்டபோது அந்தச் செவிலியர் சிறிது தயங்கிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்கள் ‘புரிந்ததா?’ என்று கேட்கும்போதே கேஸ் ஷீட்டை மூடிவிடுகிறீர்கள் டாக்டர்." அதைவிடக் கூர்மையான பாடத்தை நான் எந்தப் பயிற்சியிலும் பெற்றதில்லை. மூடிய கோப்பைப் பார்த்துக்கொண்டு எந்த நோயாளி "புரியவில்லை" என்பார்?

கவனிக்க வருபவரிடம் "எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதிலே வரும். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் கொடுப்பது நல்லது. நோயாளியை எந்த இடத்தில் குறுக்கிட்டேன்? மருந்தை விளக்கியபோது "புரிந்ததா?" என்பதற்குப் பதிலாக, "வீட்டில் உங்கள் மகளுக்கு இந்த மாத்திரையை எப்படி விளக்குவீர்கள்?" என்று திருப்பிச் சொல்லச் செய்தேனா? பேச்சை முடிக்கும்போது "வேறு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டேனா, "வேறு என்ன கேட்க வேண்டும் என்று நினைத்து வந்தீர்கள்?" என்று கேட்டேனா? முதல் கேள்வி "இல்லை" என்ற பதிலைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் இத்தகைய ஒற்றைச் சொல் மாற்றத்தை 2007இல் ஆராய்ந்தபோது, சொல்லப்படாமலே போன குறைகளில் 78 விழுக்காடு வெளியே வந்துவிட்டன. தமிழில் "இல்லையே" என்ற ஏகாரம் அதைவிடப் பலமாகக் கதவை அடைக்கிறது என்பது என் எண்ணம்.

வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு நான் சொல்லும் ஒதுக்கீடு இது. முதல் இரண்டு வாரங்களில் முழு நேரத்தையும் எஸ்-பாருக்கும் ஐ-பாஸுக்கும் கொடுங்கள். ஒரு சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கு முன்பும் ஒருமுறை பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு மணி நேரம் கவனிக்கப்படும் உரையாடலுக்கும் அதன் பிறகான பேச்சுக்கும் போகட்டும். கடினமான செய்தி சொல்ல வேண்டிய நாளில் ஸ்பைக்ஸின் இரண்டாம் மூன்றாம் கேள்விகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மூத்தவர்களைப் பார்த்துக் கற்பதற்குத் தனி நேரம் வேண்டாம். ரவுண்ட்ஸில் காதில் விழுந்த நல்ல தொடர் ஒன்றையும், நோயாளி முகம் சுளித்த இடம் ஒன்றையும் நாளுக்கு ஒருமுறை குறித்துவைத்தால் போதும்.

அவசரப் பிரிவில் பணிபுரிபவருக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. அங்கே சட்டகத்துக்கே பெரும்பங்கு போக வேண்டும், சொன்ன கட்டளையைக் கேட்டவர் திருப்பிச் சொல்லும் பழக்கம் உட்பட. நோயாளியின் மொழி நமக்குத் தெரியாத இடங்களில் மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்து பழகுவது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். உறவினரை, அதிலும் குழந்தைகளை, அந்த வேலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. கவனிக்க எவருமே கிடைக்காத சிறிய மருத்துவமனையில் தனியாக இருப்பவர், நோயாளியின் சம்மதத்தையும் நிர்வாகத்தின் அனுமதியையும் பெற்றுத் தன் உரையாடல் ஒன்றைக் குரல்பதிவாக எடுத்துக் கேட்கலாம். கேட்டு முடித்த அன்றே அதை அழித்துவிட வேண்டும். முதல் முறை கேட்கும்போது தன் குரலைப் பொறுத்துக்கொள்வதே கடினமாக இருக்கும். இரண்டாம் முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். நோயாளி பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் குரல் நுழையும் வரை எத்தனை விநாடிகள் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் மறுபடி எண்ணிப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.